அர்ஜிரோடைட்: ஓர் அரிய சல்ஃபைடு கனிமத்தின் பண்புகளும் வகைப்பாடும் – பெயரிடல் நோக்கில் சில கருத்துகள்

முன்னுரை

அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் ஒரு கேள்வியை எதிர்கொண்டிருப்பர். பிறமொழிப் பெயர் ஒன்றின் பொருளை அறிந்து அதனைத் தமிழாக்குவதா, அன்றி அதன் ஒலியைக் கொண்டு தமிழ் எழுத்தில் எழுதுவதா என்பதே அக்கேள்வி. இது குறித்த விவாதம் நம்மிடையே பெரும்பாலும் பொதுப்படவே நிகழ்கின்றது. தனியொரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் பெயர் எவ்வாறு பிறந்தது, பிறந்தபின் என்னவாயிற்று என்று பார்த்து முடிவுக்கு வரும் முயற்சிகள் மிகக் குறைவு. இக்கட்டுரை அத்தகையதொரு சிறு முயற்சியாகும். எடுத்துக்கொண்ட பொருள் அர்ஜிரோடைட் என்னும் கனிமம். வெள்ளி, ஜெர்மானியம், கந்தகம் ஆகிய மூன்று தனிமங்களால் ஆன இக்கனிமம் சல்ஃபைடு வகுப்பைச் சார்ந்தது. உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே கிடைப்பது.

இந்தியவியல் துறை ஆய்விதழில் கனிமத்திற்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். இரு காரணங்கள் உள. ஒன்று, இக்கனிமத்தின் வரலாற்றுக்குள் ஒரு வடமொழிச் சொல் நுழைந்துள்ளது. அது குறித்து மிகைக்கூற்றுகளும் உலவுகின்றன. மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதென 2009இல் முடிவு செய்யப்பட்டு, அப்பாடங்கள் பின்னர்ப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளியில் பயின்றவர்கள் இன்று ஆசிரியப் பணிக்கு வரும் வயதினர். 'மிளிர்வு', 'ஒப்படர்த்தி' போன்ற சொற்களை வகுப்பறையில் ஒருமுறைகூடக் கேளாமல் வளர்ந்தவர் அவர்களுள் பலர். எச்சொல்லைத் தமிழாக்குவது, எச்சொல்லை அப்படியே ஏற்பது என்பதில் அவர்களுக்குத் தெளிவானதொரு நெறி தேவைப்படுகின்றது.

கனிமத்தின் புறப்பண்புகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஃபிரைபர்க் நகரின் வரலாறு 1168ஆம் ஆண்டளவில் அங்கு வெள்ளி கண்டெடுக்கப்பட்டதுடன் தொடங்குகின்றது. 1765இல் அந்நகரில் ஒரு சுரங்கக் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. கனிமவியல் ஒரு தனித்துறையாக உருப்பெற்ற இடங்களுள் அது முதன்மையானது. அங்கு ஆசிரியராக விளங்கிய ஆபிரகாம் காட்லோப் வெர்னர் 1774இல் வெளியிட்ட நூலில், ஒரு கனிமத்தை அதன் நிறம், மிளிர்வு, முறிவு, எடை முதலிய புறப்பண்புகளைக் கொண்டே முறையாக அறியலாம் என்று காட்டினார். கண்ணும் கையும் கருவியாக நின்ற காலம் அது. அவர்தம் மாணவரான ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த பத்துப்படிக் கடினத்தன்மை அளவை இன்றும் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுகின்றது.

அவ்வழியே அர்ஜிரோடைட்டை நோக்குவோம். புதிதாக உடைத்த முகம் எஃகின் சாம்பல் நிறம் உடையது. உற்று நோக்கினால் அதில் மெல்லிய செஞ்சாயல் தென்படும். காற்றுப்பட்டு நாளாக நாளாக அது கறுக்கின்றது. இதன் மிளிர்வு உலோக மிளிர்வு. ஒளியைச் சிறிதும் ஊடுருவ விடாது. மெருகிடாத வெண்பீங்கான் தட்டில் தேய்த்தால் விழும் கீற்று கருஞ்சாம்பல் நிறத்ததாக இருக்கும். கடினத்தன்மை மோஸ் அளவையில் ஏறத்தாழ 2.5, அதாவது நமது விரல் நகத்தின் கடினத்தன்மைக்கு இணையானது. ஒப்படர்த்தி 6.1 முதல் 6.3 வரை. பளிங்குக்கல்லின் ஒப்படர்த்தி 2.65 என்பதை நினைவிற் கொண்டால், அதே அளவுள்ள அர்ஜிரோடைட் துண்டு இரு மடங்கிற்கும் மேலான கனத்துடன் உள்ளங்கையை அழுத்தும் என்பது விளங்கும்.

இப்பண்புகளுள் பெரும்பாலானவை வேறு வெள்ளித் தாதுக்களுக்கும் பொருந்துவனவே. குறிப்பாக, வெள்ளியும் கந்தகமும் மட்டும் சேர்ந்த அகாந்தைட் என்னும் கனிமம் இதனுடன் எளிதில் மயங்கக்கூடியது. இரண்டும் கருஞ்சாம்பல் நிறத்தன; இரண்டும் மென்மையானவை; இரண்டும் கனமானவை. ஒரு வேறுபாடு கைக்குத் தெரியும். அகாந்தைட்டைக் கத்தியால் ஈயத்தைச் சீவுவதுபோல் சீவலாம். அர்ஜிரோடைட் சீவ வராது, நொறுங்கும். 'மென்மை' என்பதும் 'நொறுங்குதன்மை' என்பதும் வெவ்வேறு பண்புகள் என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அன்றாடத் தமிழில் மென்மையானது நொறுங்காது, நொறுங்குவது மென்மையன்று என்றொரு எண்ணம் நமக்கு உண்டு. கனிமவியல் அவ்விரு சொற்களுக்கும் தனித்தனி எல்லை வகுத்துக் கொள்கின்றது. எனவே இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பெயர்த்துத் தருவது ஆசிரியர்க்கு ஒரு பயனும் தராது. தமிழ்ச் சொல்லைத் தந்து, அதன் எல்லையையும் சொல்லித்தர வேண்டும்.

படிக அமைப்பில் இக்கனிமம் அறிஞர்களைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றது. முதலில் விவரித்தபோது அது ஒருசாய்வுப் படிகத் தொகுதியைச் சார்ந்தது எனக் கருதப்பட்டது. சில ஆண்டுகளில் அது தவறெனக் கண்டு, கனசதுரத் தொகுதி என மாற்றினர். எக்ஸ்-கதிர் ஆய்வு வந்தபின், அறை வெப்பநிலையில் அதன் உள்ளமைப்பு செஞ்சாய்சதுரத் தொகுதியைச் சார்ந்தது எனத் தெளிவாயிற்று. ஏறத்தாழ 220 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பப்படுத்தினால் அணுக்களின் அடுக்கு மாறி உண்மையாகவே கனசதுரமாகி விடுகின்றது, குளிர்ந்தால் மீளும். எண்முகி, பன்னிருமுகி போன்ற கனசதுரத் தொகுதிக்குரிய புறவடிவங்களும், ஒன்றோடொன்று பின்னிய இரட்டைப் படிகங்களும் இதில் காணப்படுவதால் மயக்கம் நேர்ந்தது. ஆக, இக்கனிமத்தின் வெளித்தோற்றம் ஒரு தொகுதியைக் காட்ட, உள்ளமைப்பு வேறொரு தொகுதியில் நிற்கின்றது.

ஏழு விழுக்காட்டுக் குறை

1885ஆம் ஆண்டு ஃபிரைபர்க்கை அடுத்த ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் இதுவரை கண்டிராத ஒரு தாது வெட்டியெடுக்கப்பட்டது. கல்விக்கழகத்தின் கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதனை ஆராய்ந்து புதிய கனிமம் என அறிவித்து, கிரேக்க மொழியில் 'வெள்ளி நிறைந்தது' எனப் பொருள்படும் சொல்லினின்று அர்ஜிரோடைட் என்னும் பெயரை ஆக்கினார். தியடோர் ரிக்டர் நிகழ்த்திய ஊதுகுழல் சோதனையில் வெள்ளி, கந்தகம் ஆகியவற்றோடு சிறிதளவு பாதரசமும் இருப்பது தெரிந்தது. ரிக்டர் இத்துறையில் புதியவர் அல்லர். 1863இல் ஃபெர்டினாண்ட் ரைக்குடன் இணைந்து இண்டியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தவர்.

முழுமையான வேதிப் பகுப்பாய்வு அதே கல்விக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளரிடம் வந்தது. அவர் கண்ட அளவுகள் இவை: வெள்ளி 74.72 விழுக்காடு, கந்தகம் 17.13, இரும்பு ஆக்சைடு 0.66, பாதரசம் 0.31, துத்தநாக ஆக்சைடு 0.22. இவற்றைக் கூட்டினால் 93.04 வருகின்றது. நூறு வரவில்லை. ஏறத்தாழ ஏழு விழுக்காடு எங்கே போயிற்று?

பகுப்பாய்வில் சிறு இழப்பு நேர்வது இயல்பு. வடிகட்டும்போது ஒட்டிக்கொள்வதும் சூடாக்கும்போது ஆவியாவதும் உண்டு. வேறொருவராயின் ஏழு விழுக்காட்டைத் தம் கைப்பிழை என்று எண்ணி, எண்களைச் சற்றே சரிப்படுத்தி வெளியிட்டிருக்கக்கூடும். விங்க்ளர் பகுப்பாய்வை மீண்டும் மீண்டும் செய்தார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. தற்செயலான பிழை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நேராது. குறை நிலையாக இருந்ததனால், அது குறையன்று, இன்னும் பெயர் தெரியாத ஒரு பொருளின் அளவு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அப்பொருளைப் பிரித்தெடுப்பதுதான் கடினமாக இருந்தது. அவர் கனிமத்தைச் சோடாவும் கந்தகமும் சேர்த்து உருக்கி, நீரில் கரைத்து, வெள்ளியை நீக்கினார். எஞ்சிய கரைசலில் அமிலம் சேர்த்து ஆர்செனிக், ஆண்டிமனி ஆகியவற்றின் சல்ஃபைடுகளை வீழ்படிவாக்கி அகற்றினார். பொதுவான பகுப்பாய்வு முறை அத்துடன் முடிந்துவிடும். புதிய தனிமத்தின் சல்ஃபைடோ மிகுந்த அமிலத்தில்தான் வீழ்படிவாகும் இயல்புடையது. அமிலத்தை அளவு கடந்து சேர்த்தபோதுதான் வெண்ணிறப் படிவு ஒன்று தோன்றியது. அதனை ஹைட்ரஜன் வாயுவில் சூடேற்றி 1886 பிப்ரவரி 6ஆம் நாள் புதிய தனிமத்தைப் பெற்றார். அதற்கு நெப்டூனியம் எனப் பெயரிட விரும்பினார் எனவும், அப்பெயர் வேறொரு (பின்னர்ப் பொய்யெனத் தெரிந்த) தனிமத்திற்கு முன்னரே இடப்பட்டிருந்ததால் தம் நாட்டின் பெயரால் ஜெர்மானியம் என அழைத்தார் எனவும் வரலாறு கூறுகின்றது.

இன்று நாம் அறிந்த வாய்பாட்டின்படி, அர்ஜிரோடைட்டில் எட்டு வெள்ளி அணுக்களுக்கு ஒரு ஜெர்மானிய அணுவும் ஆறு கந்தக அணுக்களும் உள்ளன. எடைக் கணக்கில் வெள்ளி 76.5 விழுக்காடு, கந்தகம் 17.1, ஜெர்மானியம் 6.4. விங்க்ளர் காணாமல் தவித்த 6.96 விழுக்காட்டுடன் இதனை ஒப்பிட்டால் அவர்தம் கையின் நுட்பம் புலனாகும்.

'ஏக' என்னும் முன்னொட்டு

இவ்விடத்தில்தான் வடமொழிச் சொல் வருகின்றது. ருசிய வேதியியலாளர் டிமிட்ரி மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அணு எடை வரிசையிலும் பண்பு ஒற்றுமையிலும் அடுக்கி ஓர் அட்டவணை வகுத்தார். அதில் சில இடங்களைக் காலியாக விட்டார். 1871இல், அவ்விடங்களுள் மூன்றில் வரவேண்டிய தனிமங்களின் பண்புகளை விரிவாக முன்னுரைத்து, அவற்றுக்கு ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் என்று தற்காலிகப் பெயர்கள் இட்டார். அறிந்த தனிமத்திற்கு அதே குடும்பத்தில் ஓரிடம் தள்ளி நிற்பது என்பது 'ஏக' என்பதன் பொருள். இரண்டிடம் தள்ளி நிற்பதைக் குறிக்க 'த்வி' என்னும் முன்னொட்டையும் பயன்படுத்தினார். ஏக-அலுமினியம் 1875இல் காலியமாகவும், ஏக-போரான் 1879இல் ஸ்காண்டியமாகவும் வெளிப்பட்டன. எஞ்சியது ஏக-சிலிக்கான்.

விங்க்ளரின் தனிமம் எவ்விடத்திற்கு உரியது என்பது உடனே விளங்கவில்லை என்பது சுவையான செய்தி. விங்க்ளர் அதனை ஆண்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடைப்பட்டதெனக் கருதினார். மெண்டலீவோ முதற் செய்தியைக் கேட்டபோது அது காட்மியத்தின் குடும்பத்தில் உள்ள வெற்றிடத்தை நிரப்பும் என எண்ணினார். தாம் வரைந்த கட்டத்திற்குள் தாமே எதிர்பார்த்த விருந்தினர் வந்து நின்றபோது அவர் அடையாளம் காணவில்லை. அது ஏக-சிலிக்கான் என்று வேறு வேதியியலாளர்கள் சுட்டிக்காட்டினர். அளவீடுகள் அதனை உறுதிசெய்தன. மெண்டலீவ் கூறிய அணு எடை 72. விங்க்ளர் கண்டது 72.32. கூறிய அடர்த்தி 5.5; கண்டது 5.47. அதன் குளோரைடு நூறு பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் என்றார். 86 பாகையில் கொதித்தது.

தமிழாசிரியர்க்கு இம்முன்னறிவிப்பின் இயல்பை விளக்க வேதியியலே தேவையில்லை. நமது மெய்யெழுத்து அடைவே போதும். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என வல்லினமும் மெல்லினமும் பிறப்பிடத்தால் இணைந்து நிற்பதை இன எழுத்துகள் என்கிறோம். ணகரத்தை ஒருபோதும் கேட்டறியாத ஒருவர், ஏனைய ஐந்து இணைகளையும் கற்றிருந்தால், டகரத்திற்கு இணையாக ஓரிடம் காலியாக இருப்பதைக் காண்பார். டகரம் பிறக்கும் இடத்தில் நாவை வைத்து மூக்கொலியாக ஒலித்தால் அதுவே அவ்வெழுத்து எனச் சொல்லவும் அவரால் இயலும். எழுத்தைக் கேட்காமலேயே அதன் ஒலியை முன்னுரைக்க அடுக்குமுறை இடம் தருகின்றது. மெண்டலீவ் செய்ததும் இத்தகையதே.

இவ்வொப்புமை நமது கற்பித்தல் வசதிக்கானது. வரலாற்றுக் கூற்றாக இதனைக் கொள்ளலாகாது. மெண்டலீவ் வடமொழி எண்ணுப்பெயரை ஏன் தேர்ந்தார் என்பது குறித்து, மொழியியலாளர் பால் கிபார்ஸ்கி ஒரு கருத்தை முன்வைத்துள்ளார். பாணினியத்தைப் பதிப்பித்தவரும் பீட்டர்ஸ்பர்க் வடமொழி அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவருமான ஓட்டோ போட்லிங்க், மெண்டலீவ் வாழ்ந்த அதே நகரில் பணியாற்றினார். வடமொழி ஒலிகளின் இருபரிமாண அடுக்கு மெண்டலீவுக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது அக்கருத்து. இது சிந்திக்கத்தக்க ஊகம், அவ்வளவே. இதனை எடுத்துக்கொண்டு 'தனிம அட்டவணையே பாணினியின் கொடை' என்று மேடைகளிலும் மின்னஞ்சல்களிலும் பரப்புவோர் உளர். அட்டவணையின் அடித்தளம் அணு எடைகளும் வேதிச் சேர்க்கைகளும் ஆகும்; அவை பல்லாண்டுகள் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் அளந்து பெறப்பட்டவை. முன்னொட்டு ஒன்று இந்திய மொழியினது என்பதால் கண்டுபிடிப்பே இந்தியாவினது ஆகிவிடாது. இந்தியவியல் துறையினராகிய நாமே இவ்வேறுபாட்டை வலியுறுத்தாவிடின் வேறு யார் வலியுறுத்துவர்?

வகைப்பாட்டில் அர்ஜிரோடைட்டின் இடம்

புறப்பண்பால் கனிமங்களை வகுத்த வெர்னரின் நெறி நெடுநாள் நிலைக்கவில்லை. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனிமங்களை அவற்றில் உள்ள உலோகத்தால் வகுப்பதைவிட, உலோகத்துடன் சேர்ந்துள்ள எதிர்மின் பகுதியால் வகுப்பதே பொருத்தம் எனக் காட்டினார். இரும்புக் கனிமங்கள், செம்புக் கனிமங்கள் என்பதற்கு மாறாக ஆக்சைடுகள், சல்ஃபைடுகள், கார்பனேட்டுகள், சிலிக்கேட்டுகள் என்ற வகுப்புகள் எழுந்தன. இம்மாற்றத்தை நம் நாட்டவர்க்கு எளிதில் விளக்கலாம். கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த காசிட்டரைட் என்னும் தாது வெள்ளீயத்தின் ஆக்சைடு. அதே வெள்ளீயம் செம்பு, இரும்பு ஆகியவற்றோடும் கந்தகத்தோடும் கூடி ஸ்டானைட் என்னும் சல்ஃபைடாகவும் அமைகின்றது. உலோகம் ஒன்றே எனினும் இவற்றின் தோற்றமும் மிளிர்வும் கடினத்தன்மையும் முற்றிலும் வேறானவை. மாறாக, வேறு உலோகங்களைக் கொண்ட சல்ஃபைடுகள் பல தம்முள் ஒத்த சாயல் உடையன. (பேராக் மக்கள் வழக்கில் 'ஈயக்குட்டை' என்னும்போது ஈயம் என்பது வெள்ளீயத்தையே குறிக்கின்றது. பாடநூலில் ஈயம் வேறொரு உலோகம். ஈப்போ வட்டார மாணவர்க்கு இதனை முதலிலேயே தெளிவுபடுத்தாவிடில் குழப்பம் நேரும்.)

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேதி அடிப்படையுடன் படிக அமைப்பும் சேர்ந்தது. ஹியூகோ ஸ்ட்ருன்ஸ் 1941இல் வெளியிட்ட அட்டவணைகளும் அவற்றின் பிற்காலத் திருத்தங்களும் இன்று பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. அதன்படி அர்ஜிரோடைட் இரண்டாம் வகுப்பாகிய சல்ஃபைடுகளில் அடங்கும். அவ்வகுப்பினுள், உலோக அணுக்களின் எண்ணிக்கை கந்தக அணுக்களின் எண்ணிக்கையை விஞ்சும் பிரிவில் நிற்கும். எட்டு வெள்ளியும் ஒரு ஜெர்மானியமும் கூடி ஒன்பது, கந்தகம் ஆறு. அப்பிரிவினுள்ளும், செம்பு, வெள்ளி, தங்கம் ஆகியவற்றைக் கொண்ட கூட்டத்தில், முன்னர்க் கூறிய அகாந்தைட்டுக்கு அண்மையிலேயே இதற்கு இடம் தரப்பட்டுள்ளது.

எனினும் இவ்விடம் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. டேனா மரபைப் பின்பற்றிய பழைய பாடநூல்கள் அர்ஜிரோடைட்டைச் சல்ஃபைடுகளில் சேர்க்காமல், சல்ஃபோ உப்புகள் என்னும் கூட்டத்தில் வைத்தன. அதற்குக் காரணம் உண்டு. படிகத்தினுள் ஒவ்வொரு ஜெர்மானிய அணுவும் நான்கு கந்தக அணுக்களால் நான்முகி வடிவில் சூழப்பட்டுள்ளது. எஞ்சிய இரு கந்தக அணுக்கள் தனித்து நிற்கின்றன. வெள்ளி அணுக்கள் இவற்றின் இடைவெளிகளில் பரவியுள்ளன. ஜெர்மானியமும் நான்கு கந்தகமும் சேர்ந்ததை ஓர் அமிலப் பகுதியாகக் கருதினால் இது உப்பு. வெள்ளியும் ஜெர்மானியமும் ஒருசேர உலோகம் எனக் கருதினால் இது சல்ஃபைடு. கனிமம் மாறவில்லை, நாம் கேட்கும் கேள்வி மாறுகின்றது. ஆர்செனிக், ஆண்டிமனி, பிஸ்மத் ஆகியவற்றைக் கொண்டவையே சல்ஃபோ உப்புகள் என்று எல்லையை வகுத்துக்கொண்ட பின்னரே அர்ஜிரோடைட் சல்ஃபைடுகளின் பக்கம் வந்தது.

இதன் நெருங்கிய உறவினர் கேன்ஃபீல்டைட். ஜெர்மானியத்தின் இடத்தில் வெள்ளீயம் இருப்பது ஒன்றே வேறுபாடு. இயற்கையில் இவ்விரண்டும் தூய நிலையில் மட்டும் கிடைப்பதில்லை. ஜெர்மானியமும் வெள்ளீயமும் பல்வேறு விகிதங்களில் கலந்த திண்மக் கரைசலாகவும் கிடைக்கின்றன. ஜெர்மானியம் மிகுந்தால் ஒரு பெயர், வெள்ளீயம் மிகுந்தால் மறு பெயர். ஆனால் கேன்ஃபீல்டைட் என்னும் பெயர் இப்பொருளுக்குப் பிறந்ததன்று. 1893இல் அமெரிக்கக் கனிமவியலாளர் சாமுவேல் பென்ஃபீல்ட் பொலிவியாவிலிருந்து வந்த ஒரு கனிமத்தை ஆராய்ந்தார். அதன் வேதி இயைபு அர்ஜிரோடைட்டுடையதே. படிகமோ கனசதுரமாகத் தோன்றியது. அர்ஜிரோடைட் ஒருசாய்வுத் தொகுதியினது என்று அன்று நம்பப்பட்டதால், இது வேறு கனிமம் என்று கருதி, அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளரும் கனிமச் சேகரிப்பாளருமான ஃபிரெடரிக் கேன்ஃபீல்டின் பெயரை அதற்கு இட்டார். வைஸ்பாக் தம் பழைய அளவீட்டைத் திருத்தி, ஃபிரைபர்க் கனிமமும் கனசதுர வடிவினதே எனக் காட்டியதும், இரண்டும் ஒன்றே என்றாகிவிட்டது. புதிய பெயருக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. 1894இல் பொலிவியாவிலிருந்தே வெள்ளீயம் கொண்ட கனிமம் கிடைத்தபோது, பென்ஃபீல்ட் அப்பெயரை அதற்கு மாற்றிக் கொடுத்தார்.

பெயரும் பொருளும்

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அர்ஜிரோடைட்டுக்குத் தமிழில் 'வெள்ளிமலிக்கல்' என்றோ 'வெள்ளியுடைக் கனிமம்' என்றோ பெயர் சூட்டுவது எளிது, கேட்பதற்கும் இனிது. கலைச்சொல் பட்டறைகளில் இத்தகைய ஆக்கங்கள் கைதட்டல் பெறுவதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். தாமும் இளமையில் அத்தகைய பட்டியல் ஒன்றை ஆக்கியதுண்டு. அதனை இன்று வெளிக்காட்ட விரும்பவில்லை.

முதற் சிக்கல், வெள்ளி மலிந்த கனிமங்கள் பல உள என்பது. அகாந்தைட்டில் வெள்ளி 87 விழுக்காடு, அர்ஜிரோடைட்டைவிட மிகுதி. அப்பெயர் அதற்கே மிகவும் பொருந்தும். இக்கனிமத்திற்கே உரிய தனித்தன்மை ஜெர்மானியம். அதுவோ பெயரிட்டவருக்கே தெரியாது. வைஸ்பாக் பெயர் சூட்டிய நாளில் ஜெர்மானியம் என்றொரு தனிமம் உலகம் அறியாதது. ஆக, பெயரின் பொருளை மொழிபெயர்ப்பது 1885ஆம் ஆண்டின் அறியாமையையும் சேர்த்து மொழிபெயர்ப்பதாக முடியும். ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலத்தை ஆக்குவது' என்று பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியே நம்பியதால் வந்த பெயர் அது. நம்பிக்கை பொய்த்தது; பெயர் நின்றது. ஜெர்மானியர் அதனைப் பொருளறிந்து தம் மொழியில் ஆக்கிக்கொண்டதால், அப்பிழை இன்றும் அவர்தம் அன்றாடச் சொல்லில் உயிருடன் உள்ளது. தமிழில் 'உயிர்வளி' என ஆக்கியோர் மூலச்சொல்லைப் பின்பற்றாமல் பொருளின் பயனை நோக்கினர், அதனால் தப்பினர்.

இரண்டாவது சிக்கல் இன்னும் வலுவானது. 1979இல், அர்ஜிரோடைட்டின் அணு அடுக்கை ஒத்த அமைப்புடைய சேர்மங்கள் பலவற்றையும் ஒரு குடும்பமாகக் கொண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அன்று முதல் அர்ஜிரோடைட் என்பது ஒரு கனிமத்தின் பெயராக மட்டுமன்றி ஓர் அமைப்பின் பெயராகவும் வழங்கலாயிற்று. 2008இல் ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டைசரோத் குழுவினர் அக்குடும்பத்தில் லித்தியச் சேர்மங்களைச் சேர்த்தனர். ஆறு லித்தியம், ஒரு பாஸ்பரஸ், ஐந்து கந்தகம், ஒரு குளோரின் அல்லது புரோமின் அல்லது அயோடின் கொண்டவை அவை. ஜெர்மானியத்தின் இடத்தில் பாஸ்பரஸ் நான்கு கந்தகங்களுடன் நான்முகியாக நிற்கின்றது. தனித்து நின்ற இரு கந்தகங்களுள் ஒன்றின் இடத்தைக் குளோரினோ அதன் இனமோ பெறுகின்றது. வெள்ளி பரவியிருந்த இடைவெளிகளில் லித்தியம் பரவியுள்ளது. அவ்விடைவெளிகளினூடே லித்திய அயனிகள் வியக்கத்தக்க விரைவில் நகர்கின்றன. தீப்பற்றக்கூடிய நீர்மத்திற்கு மாற்றாகத் திண்மப் பொருளைக் கொண்டு மின்கலம் செய்ய முயல்வோர் இச்சேர்மங்களை இன்று ஊன்றி ஆராய்கின்றனர்.

இச்சேர்மங்களில் வெள்ளி இல்லை, ஜெர்மானியமும் இல்லை. எனினும் அவை 'லித்திய அர்ஜிரோடைட்டுகள்' என்றே அழைக்கப்படுகின்றன. ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இதனைச் சொல்வோர்க்கு முரண் எதுவும் தோன்றுவதில்லை. அச்சொல்லினுள் கிரேக்க வெள்ளி உறங்கிக் கிடக்கின்றது. தமிழில் 'வெள்ளிமலிக்கல்' என ஆக்கியிருந்தால், 'வெள்ளியில்லாத லித்திய வெள்ளிமலிக்கல்' என்று எழுத நேர்ந்திருக்கும். நம் மொழியில் ஆக்கிய சொல்லில் பொருள் உறங்காது. வேர்ச்சொல் வெளிப்படையாக நிற்பது தமிழின் இயல்பு; பண்புகளைச் சொல்லும்போது அதுவே வலிமை, தனிப்பெயர் சூட்டும்போது அதுவே இடர்.

எனவே மிளிர்வு, கடினத்தன்மை, ஒப்படர்த்தி, முறிவு, நொறுங்குதன்மை, திண்மக் கரைசல் முதலிய பண்புச் சொற்கள் தமிழிலேயே வேண்டும். அவற்றின் பொருள் வகுப்பறையில் விழித்திருக்க வேண்டும். தனிக் கனிமப் பெயர்களை ஒலிப்படி ஏற்பதே தக்கது. தாளகம், மனோசிலை, இலிங்கம் போன்று மருத்துவ மரபில் நெடுநாள் வழங்கிவரும் பெயர்கள் இதற்கு விலக்கு. அவை மொழிபெயர்ப்புகள் அல்ல. நம்மவர் அப்பொருள்களைக் கையாண்டு இட்ட பெயர்கள். அனைத்துலகக் கனிமவியல் சங்கம் ஏற்ற கனிம இனங்கள் இன்று ஆறாயிரத்தைக் கடந்துவிட்டன. அத்தனைக்கும் தமிழ்ப்பெயர் ஆக்கும் பட்டியலில் உழைப்பைச் செலவிடுவதைவிட, ஏறத்தாழ நூறு பண்புச் சொற்களை எல்லை வகுத்து நிலைபெறச் செய்வது உடனடித் தேவை.

ஒலிப்படி எழுதுவதிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பெயர் பிறந்த ஜெர்மன் மொழியின் ஒலிப்பு 'ஆர்கிரோடிட்' என்பதற்கு நெருங்கியது. நம் மாணவர் உயர்கல்வியில் சந்திக்கப்போவது ஆங்கில வடிவம் என்பதால் 'அர்ஜிரோடைட்' என்பதை இக்கட்டுரை மேற்கொண்டது. கிரந்த எழுத்தை விலக்க விரும்புவோர் 'அர்சிரோடைட்டு' என எழுதக்கூடும். ஜெர்மானியத்திற்கே ஜெர்மானியம், ஜெர்மேனியம், செருமானியம் எனப் பல வடிவங்கள் நூல்களில் காணப்படுகின்றன. ஒரே மாணவர் ஆண்டுதோறும் வெவ்வேறு எழுத்தாக்கத்தைப் படித்து, அவை வெவ்வேறு தனிமங்கள் என எண்ணும் நிலை வராமலிருக்க, பாடநூல் குழுவினர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து எல்லா வகுப்புகளுக்கும் அதனையே பின்பற்றினால் போதும்.